நோரீன் வாளியில் கிடந்த விதைகள்

டாமராக் ஊரில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்டாட்டி ஏன் ஓடிப்போனாள் என்று கேட்டால்கூட உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, முதல் நாளிலிருந்து சொல்லுவான். காட்டில் விளையும் ஹக்கிள்பெரிப் பழத்தை எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "மலையில" என்பான். ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. சாகும்போது அப்பன் மகனிடம் சொல்லுவான். சில அப்பன்மார் அப்போதும் யோசித்துப் பார்த்துவிட்டு, சொல்லாமலே கண்ணை மூடிவிடுவதுண்டு.

இந்த வழக்கத்தை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவன் ஹார்லன் பீட்டி. ஊரார் பறித்துவரும் பழத்தை முப்பது வருஷமாக வாங்கி விற்கிறவன். பழம் பிறந்த இடத்தை அவன் கேட்டதில்லை, கேட்காமலே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்ததுண்டு. பூட்ஸில் ஒட்டிய மண்ணைப் பார்ப்பான். வாளியில் கிடக்கும் இலையைப் பார்ப்பான். வியாபாரிக்குக் கண்தான் கை.

அந்தக் கண்ணுக்கு ஊரில் பெரிய பேர். ஆகஸ்டில் தீயணைப்புக் கொட்டகையில் நடக்கும் ஊர் விருந்தில், ஹார்லன் ஒரு நீள மேசை போடுவான். 'கரடிச் சாப்பாடு' என்று அட்டையில் எழுதி வைத்து, கறுப்புக் கரடி தின்னும் பழங்களை ஒவ்வொன்றாகக் காகிதத் தட்டில் பரப்பி வைப்பான். இருபத்திரண்டு தட்டு. வெளியூர்க்காரர்கள் சுற்றி நிற்பார்கள்.

"மேல பாத்து ஏமாறாதீங்க. எல்லாக் கறுப்பும் மேல ஒரே கறுப்புதான்," என்பான். "கவுத்துப் போட்டு அடியப் பாருங்க. ஹக்கிள்பெரின்னா அடியில சின்னதா ஒரு வட்டம் இருக்கும். முள்ளுப்பழம்னா காஞ்சுபோன கிரீடம் வச்சிருக்கும். இது சிட்டம். இதுக்கு ஒண்ணுமே கிடையாது, வழுக்கை. எங்க அப்பா இந்த மரத்துப் பட்டைய உரிச்சு மருந்துக் கம்பெனிக்கு வித்தாரு. மலச்சிக்கலுக்கு. கரடி இதத் தின்னுட்டுக் காட்டுல எங்க வேணா போகும். நீங்க தின்னா எங்க போவீங்கன்னு மொதல்ல பாத்து வச்சுக்குங்க."

சிரிப்பார்கள். சிரித்த கையோடு இரண்டு ஜாடி ஜாம் வாங்குவார்கள்.

கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே பதினோரு விதை. வெளியே ஹார்லன் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: 'நோரீன் சமையல் – கழிவறைக்குக் குறுக்கு வழி.' அதற்கும் சிரிப்பார்கள். கதை கேட்பார்கள். ஹார்லன் சொல்லுவான். இரண்டு வருஷத்தில் நூறு தரமாவது சொல்லியிருப்பான், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் நகாசு கூடியிருந்தது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேரா என்ற பெண் ஐஸ் பெட்டியோடு கடைக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். கரடிகள் குளிர்காலத்துக்கு முன்னால் எதைத் தின்று கொழுக்கின்றன என்று கணக்கெடுக்கிறவள். பெட்டிக்குள் நாற்பது பிளாஸ்டிக் பை. நாற்பதிலும் கரடிச் சாணி.

"விதைய வச்சுப் பழத்தக் கண்டுபிடிக்கணும் மிஸ்டர் பீட்டி. இந்தப் பக்கம் யாரக் கேட்டாலும் உங்களத்தான் சொல்றாங்க."

"சாணின்னா என்னைச் சொல்றாங்களா, பழம்னா என்னைச் சொல்றாங்களா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் சொன்னாங்க."

அவளை ஹார்லனுக்குப் பிடித்துப்போயிற்று. பின்கட்டில் குழாயடியில் சல்லடை வைத்து ஒவ்வொரு பையாகக் கழுவினார்கள். கழுவக் கழுவத் தோலும் விதையும் தங்கின. கோதுமைத் தவிடு மாதிரிப் பொடிப்பொடியாக இருந்தால் ஹக்கிள்பெரி. தட்டையாக, பிறை மாதிரி வளைந்திருந்தால் சர்வீஸ்பெரி. நீளமாக ஒரே கல்லாக இருந்தால் செரி. ஹார்லன் கண்ணை இடுக்கிக்கூடப் பார்க்கவில்லை, விரலால் தள்ளிக்கொண்டே சொன்னான். கேரா எழுதிக்கொண்டே போனாள். இருபத்தாறு பைவரை ஒன்றும் தவறவில்லை.

இருபத்தேழாவதில் ஹக்கிள்பெரிப் பொடியோடு சேர்ந்து, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கெட்டியான விதைகள் கிடந்தன.

"சிட்டம்," என்றான் ஹார்லன். "பாவம், இந்தக் கரடிக்கு அன்னிக்கு நல்ல நாளா இருந்திருக்காது."

அப்படியே விட்டிருக்கலாம். நாக்கு விடவில்லை. முன்கட்டுக்குப் போய்க் குப்பியை எடுத்துவந்து காட்டி, கதையை ஆரம்பித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஊர் விருந்து. கோழி வறுவல், முட்டைக்கோஸ் சாலட், கடைசியில் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஹக்கிள்பெரி பை. பழம் முழுக்க நோரீன் டஃபி பறித்தது. ஊரிலேயே பெரிய பழம், கறுத்த பழம் அவளுடையதுதான். தின்று முடித்து இரண்டு மணி நேரத்தில் ஐம்பது பேருக்கு வயிறு கலங்கியது. கொட்டகையில் இருந்ததோ இரண்டே கழிவறை. பாதிரியார் பாடகர் குழுவை நெட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஹார்லன் மிச்சமிருந்த வாளியைக் கிளறினான். அடியில் வேறு பழம் நாலு கிடந்தது. ஒன்றைக் கடித்தான். உள்ளே மூன்று விதை.

"சிட்டம். அளவு கூடட்டும்னு கலந்துட்டா. தபாலாபீஸ்ல, எல்லாரும் இருக்கும்போதே மூஞ்சிக்கு நேரே கேட்டேன். 'நானும்தான் மூணு துண்டு தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே'ன்னா. 'அவங்கவங்க சரக்கு அவங்கவங்களுக்குத் தெரியும், நீ பாத்துத் தின்னிருப்பே'ன்னேன். 'அது சிட்டம் இல்ல'ன்னா. 'அப்ப என்ன பழம், எங்க பறிச்சே, சொல்லு'ன்னேன். வாயத் திறக்கணுமே."

கேரா சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, சல்லடையில் கிடந்த விதை ஒன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் பீட்டி, சிட்டம் விதை வழவழன்னுல்ல இருக்கும்? இதோட உள்பக்கம் குழி குழியா இருக்கே. அரிச்ச மாதிரி. இது முள்ளுப்பழம்."

"இருக்காது."

"பாருங்களேன்."

பார்த்தான். குழி இருந்தது. கறுப்பு முள்ளுப்பழம். கரடிக்கும் மனுஷனுக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது, ஊரில் பாதிப் பேர் ஜெல்லி கிண்டுகிற பழம்.

"சரி, இது முள்ளுப்பழம்," என்றான். குப்பியின் மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தான். பதினோரு விதையையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தான். ஐந்தாவதிலேயே போதும் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் பதினொன்றையும் பார்த்தான். எல்லாவற்றிலும் குழி.

இருபத்திரண்டு தட்டு வைத்து ஊருக்கெல்லாம் அடியைப் பார் என்று சொன்னவன், அன்றைக்கு அடியைப் பார்க்கவில்லை. கடித்தான், எண்ணினான், சொன்னான். முள்ளுப்பழத்துக்கும் மூன்று விதை இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஏன் அத்தனை அவசரம் என்பதும் தெரியும். அதை இரண்டு வருஷமாக நினைக்காமல் இருந்ததுதான் அவன் செய்த பெரிய வேலை.

அன்றைய முட்டைக்கோஸ் சாலட் அவன் செய்தது. பெரிய தொட்டி நிறைய, மயோனைஸ் போட்டு. கரடி மேசையை அலங்கரிக்கிற மும்முரத்தில் நாலு மணி நேரம் வண்டிக்குள் வெயிலில் வைத்துவிட்டான். எடுத்தபோது லேசாக ஒரு வாடை அடித்தது. கொட்ட மனம் வரவில்லை. வினிகரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கிளறி, முதல் ஆளாக எல்லார் தட்டிலும் தாராளமாகப் பரிமாறினான். முட்டைக்கோஸ் ஆகாது என்று ஒதுக்கியவர்களில் நோரீனும் ஒருத்தி.

கேராவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேடிக்கையா இருக்கு. முள்ளுப்பழம் கீழ ஓடையோரம் வர்றது. ஹக்கிள்பெரி மேல வர்றது. ரெண்டும் ஒரே நேரத்துல தின்னிருக்கே. பக்கத்துப் பக்கத்துல வளர்ற இடம் ஏதோ இருக்கணும். இந்தப் பை எடுத்த இடம் மேப்ல இருக்கு, பாக்குறீங்களா?"

பார்க்கத் தேவையில்லை. ஹக்கிள்பெரி ஓடைவரை இறங்கிவரும் பள்ளம் இந்த வட்டாரத்தில் ஒன்று இருந்தால், அது பழைய ரம்பப் பட்டறைக்குப் பின்னால், வெயில் விழாத அந்தக் குளிர்ந்த பள்ளம்தான். இருபது வருஷமாக நோரீனின் பூட்ஸ் மண்ணைப் பார்த்துப் பார்த்துத் தேடிய இடம் ஒரு நொடியில் கைக்குள் வந்து விழுந்தது. ஹார்லனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

நோரீன் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 'முள்ளுப்பழம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவள் நிரபராதி. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் தபாலாபீஸில் நின்ற பதினைந்து பேரும் மறுநாள் விடிவதற்குள் ரம்பப் பட்டறைக்குப் பின்னால் வாளியோடு நின்றிருப்பார்கள். மானமா, இடமா என்று அவளை நடுச்சபையில் நிறுத்தி வைத்தவன் அவன். அவள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊரில் அவள் பேர் சிட்டம் நோரீன்.

"மேப்ப மடிச்சு வையும்மா," என்றான். "அது யார் கண்ணுலயும் படாம இருந்தா நல்லது."

மிச்சப் பைகளையும் கழுவி முடித்துவிட்டு, மத்தியானம் நோரீன் வீட்டுக்குப் போனான். அவள் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கோடாலி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இரண்டு வருஷமாக அவன் கடை வாசலை மிதிக்கவில்லை. பழத்தை வண்டியில் ஏற்றி, தன் பேர் தெரியாத ஊராகப் பார்த்து எண்பது மைல் போய் விற்றுக்கொண்டிருந்தாள்.

"நோரீன், ஒரு விஷயம் பேசணும்."

"பேசு. காது சும்மாதான் இருக்கு."

"அந்த வாளியில கிடந்தது சிட்டம் இல்ல."

கோடாலி கட்டையில் பாய்ந்து நின்றது. "அப்படியா. எனக்குத் தெரியாதே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். இத்தனை வருஷ வியாபாரத்தில் தொப்பியைக் கழற்றிப் பேசிய பேச்சு அவனுக்கு நினைவில்லை. விதையைச் சொன்னான். சாலட்டைச் சொன்னான். வினிகரைச் சொல்லும்போது குரல் தேய்ந்தது.

"வினிகர் ஊத்துனியா?" என்றாள் நோரீன்.

"ஆமா."

"எவ்வளவு?"

"அரை பாட்டில்."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். சந்தையில் அழுகல் தக்காளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கிற பார்வை அது.

"இனிமே உன் பழம் முழுக்க நானே எடுத்துக்கறேன், நோரீன். மத்தவங்களுக்குக் குடுக்கறதவிட உனக்குக் கூட..."

"விலை பேசவா வந்தே?"

ஹார்லன் வாயை மூடினான். காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் நாக்கு பழக்கத்துக்குக் கடை விரித்துவிட்டது.

"என் கொல்லையில வந்து சொன்னா எனக்கு என்ன ஆகப்போவுது?" என்றாள் அவள். "எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. தபால் வர்ற நேரத்துல சொல்லு."

"சொல்றேன்."

"இன்னொண்ணு. பழத்தோட பேரு உன் வாயில வரக் கூடாது."

"அது எப்படி நோரீன்? அது என்னன்னு சொன்னாத்தானே நம்புவாங்க."

"அது உன் கஷ்டம். பதினோரு மணிக்குத் தபால் பிரிப்பாங்க." அவள் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினாள்.

அன்று இரவு குப்பியின் சீட்டைச் சுரண்டி எடுத்தான். விதைகளை அடுப்பில் போட்டான். அவற்றை யாராவது வாங்கிப் பார்த்தால் குழி தெரிந்துவிடும். சாட்சியை எரிப்பவன் வழக்கமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எரிப்பான். தான் எரிப்பது எதற்கு என்று அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். அப்படியும் பெருமையாக ஒன்றும் இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தபாலாபீஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தபால்காரி ஓபல் கடிதங்களை ஊராரின் பூட்டுப் போட்ட தபால் பெட்டிகளில் செருகிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டும் கிளெம் சுவரில் சாய்ந்து நின்றான். நோரீன் கடைசியாக வந்து வரிசைக்குப் பின்னால் நின்றாள். சனங்கள் அவளுக்கு இடம் விட்டார்கள், மரியாதைக்கு விடுகிற இடம் அல்ல அது.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தான். "எல்லாரும் இருக்கீங்க. ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால விருந்துல வயித்தக் கெடுத்தது நோரீன் பழம் இல்ல. என் முட்டைக்கோஸ் சாலட். வெயில்ல வச்சுட்டேன். வாடை அடிச்சுது. தெரிஞ்சும் வினிகர் ஊத்திப் பரிமாறினேன்."

ஓபலின் கை பாதியில் நின்றது.

"நான் மூணு கரண்டி வாங்கித் தின்னேன்," என்றான் கிளெம் மெதுவாக. "நல்லாருக்குப்பான்னு வேற சொன்னேன்."

"சொன்னே."

"எங்க பாதிரியாரு அந்த விருந்துக்கு அப்புறம் ஊர மாத்திக்கிட்டுப் போனாரு, தெரியுமில்ல?" என்றாள் ஓபல்.

"தெரியும் ஓபல்."

"இரு இரு," என்றான் கிளெம். "அப்ப வாளியில கிடந்தது? கடிச்சுப் பாத்து, மூணு விதைன்னு சத்தியம் பண்ணியே. குப்பியில வச்சுக் காட்சி நடத்துனியே. அது என்ன?"

இதுதான் இடம். முள்ளுப்பழம் என்ற ஏழெழுத்து நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் கண் தவறியது ஒரு தரம், அவ்வளவுதான், பேர் மிஞ்சும். பின்னால் நின்ற நோரீன் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றான் ஹார்லன்.

"தெரியலயா?"

"தெரியாமத்தான் சிட்டம்னு சொன்னேன். இப்பவும் என்னன்னு தெரியல."

"குப்பியக் கொண்டா. நான் பாக்கறேன்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

கிளெம் மற்றவர்களைப் பார்த்தான். ஊர் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கும். ஊர் அதை அப்படியே நம்பிவிட்டது. முப்பது வருஷமாக அவன் சொன்ன ஒவ்வொரு பழத்தையும் அந்த நொடியில் எல்லாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப போன வருஷம் என் மாமியார்கிட்ட, பயப்படாம ஜாம் பண்ணுங்கன்னு ஒண்ணக் குடுத்தியே," என்றாள் ஓபல். "அது என்ன சாமி?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கிளெம் கோட்டுப் பையைத் துழாவி, காட்டு வேலியில் பிடுங்கிய ஒரு சின்னக் கிளையை நீட்டினான். சிவப்பு முந்தானை மாதிரி விரிந்த இதழுக்குள் இரண்டு கறுப்புப் பழம் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"இதச் சொல்லு பாப்போம். இதயாவது தெரியுமா உனக்கு?"

ஹார்லன் அதைப் பார்த்தான். அதன் பூ எந்த வாரத்தில் மஞ்சளாக வரும், பழம் எந்த வாரத்தில் கறுக்கும், ருசி எப்படிக் கசந்து இழுக்கும், எல்லாம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் முந்தைய 'தெரியல' பொய்யாகிவிடும். மறுபடி கேள்வி வரும்.

"சரியாத் தெரியல கிளெம்."

"அட, இது இரட்டைப்பழம்ப்பா. எம் பேத்திகூடச் சொல்லுவா."

வரிசைக்குப் பின்னாலிருந்து நோரீன் முன்னால் வந்தாள். கிளெம் கையிலிருந்த கிளையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இரட்டைப்பழம்தான். எப்பவும் ஜோடியாத்தான் வரும். வாயில வச்சா கசப்பு, மனுஷனுக்கு ஆகாது." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "கரடிகூட இதத் தொடாது."

"பாத்தியா," என்றாள் ஓபல், ஹார்லனிடம் இல்லை, பொதுவாக. "நோரீன், அடுத்த ஆகஸ்ட்ல அந்தக் கரடி மேசைய நீயே எடுத்துக்கறியா? வயிறு பத்திரமா இருக்கணும்ல."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் நோரீன்.

கரடி அதைத் தொடும். தொடுவது என்ன, செப்டம்பரில் கிளையோடு உருவித் தின்னும். நேற்றுக் கழுவிய முப்பத்தோராவது பையில் அதன் விதைதான் இருந்தது. அவளுக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை அவன் வாய் திறக்கிறதா என்று தூண்டில் போட்டுப் பார்க்கிறாளா என்று ஹார்லனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இந்த நிலையிலும், இத்தனைக்குப் பிறகும், அவளைத் திருத்தத் தன் நாக்கு துடிப்பதைக் கண்டபோதுதான் அவனுக்கு நிஜமான வெட்கம் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு தன் தபால் பெட்டியைத் திறந்தான். விதைக் கம்பெனி விளம்பரப் புத்தகம் ஒன்று வந்திருந்தது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நோரீனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.